சேரன்மகாதேவியில் இருவர்

செங்கோட்டைப் பாசஞ்சர் சேரன்மகாதேவியில் நின்றதும் சிநேகிதர்தான் முதலில் இறங்கினார். மாமா கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி முடிப்பதற்குள் அவர் மஞ்சள் பெயர்ப்பலகைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். படம் எடுக்கவில்லை. உதடு அசைய ஊர்ப்பெயரை ஒருமுறை வாசித்தார். பிறகு திரும்பி, "வந்திட்டம் என்ன?" என்றார்.

"வந்தாச்சு வே. இனிமே நடைதான்."

இருவருக்கும் எழுபது நெருங்குகிறது. மாமா வேட்டியும் ரப்பர் செருப்புமாக இருந்தார். சிநேகிதர் கால்சட்டையும் புதிய கான்வாஸ் சப்பாத்தும் போட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் அவர். காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, பஸ் மாறி மாறித் திருநெல்வேலி வந்து சேர்ந்தவர். அத்தை கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பையைத் தூக்க ஆள் வேண்டும் என்று மாமா என்னைக் கூட்டிக்கொண்டார். நான் அவருடைய அக்கா மகன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாத வளர்ப்பு. அன்று அது நல்லதாகவே போயிற்று.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் ஒருவர் நவகைலாசம் ஒன்பதையும் ஒரே நாளில் காட்டுவதாகக் கூப்பிட்டார். மாமா கையசைத்து மறுத்துவிட்டார். பாபநாசத்தில் தொடங்கி சேர்ந்தபூமங்கலம் வரை ஆற்றோரமாக இருக்கும் ஒன்பது சிவன் கோயில்களை வேனில் ஓடி ஓடிப் பார்ப்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரகம், சேரன்மகாதேவி சந்திரனுக்கு. கும்பிட்டு வரலாம், தப்பில்லை. ஆனால் வேனில் போகிறவருக்குக் கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவே இருக்கும் ஊர் தெரியாது.

இவர்களுக்குத் தெரிந்தது. வாசல்படியில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களின் விரல்களைச் சிநேகிதர் நடையை மெதுவாக்கிப் பார்த்தார். நின்று பார்க்கவில்லை, நின்றால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தவர்கள் மர நிழலில் காத்திருந்தார்கள். மாமா ஒரு டீக்கடையைக் காட்டி, "குடிப்பமா?" என்றார். "வெறும் தேத்தண்ணி எண்டா குடிப்பம்" என்றார் சிநேகிதர். கடைக்காரர் பாலில்லாமல் இரண்டு கிளாஸ் போட்டுக் கொடுத்தார். எனக்கு மட்டும் பால் டீ.

கன்னடியன் கால்வாய்க் கரைக்கு வந்ததும் மாமா சுறுசுறுப்பாகிவிட்டார். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் தண்ணீர் அது. தாமிரபரணியின் பழைய அணைக்கட்டுகள் எட்டில் ஒன்று. முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நனைக்கிற வாய்க்கால். மாசி மாதம் என்பதால் இரு பக்கமும் பிசான நெல் முற்றித் தலை சாய்ந்திருந்தது. மாமா கதை சொன்னார். கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவன் மலையாள ராஜாவின் தீராத நோயை எள் பொம்மையாகத் தானம் வாங்கினான். கூடக் கிடைத்த பொன்னை என்ன செய்வது என்று பொதிகையில் அகத்தியரைக் கேட்டான். ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போ என்றார் அவர். பசு நடந்த வழியெல்லாம் கால்வாய் வெட்டினான். அது கோமியம் விட்ட இடங்களில் மடை வைத்தான். அது படுத்த இடங்களில் குளம் தோண்டினான்.

"அப்ப மாட்டுக்குப் பின்னால நடந்தவனும் எங்களை மாதிரித்தான்" என்றார் சிநேகிதர்.

கரையிலேயே மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை பொய்த்துக் கால்வாய் வற்றினால் மிளகை அரைத்து அவர் உடம்பு முழுக்கப் பூசுவார்கள். பிறகு குடம் குடமாக அபிஷேகம். அந்தத் தண்ணீர் வழிந்து கால்வாயில் சேர வேண்டும். சேர்ந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. சிநேகிதர் பிள்ளையாரை வெகுநேரம் பார்த்தார். "எரியும் எல்லோ?" என்றார். சாமிக்கு எரியுமே என்று அவர் கவலைப்பட்டதில் விளையாட்டு எதுவும் இல்லை. ஊரின் வயிற்றுக்காகச் சாமி எரிச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணிய இந்தக் கரையின் விவசாயிகளை எனக்கு மிகவும் பிடிக்கும். கெஞ்சுவதை மட்டும் பக்தி என்று கொள்ளாமல், தெய்வத்தைத் தங்கள் கஷ்டத்துக்குள் இழுத்து வைத்தவர்கள்.

நடந்துகொண்டே இருவரும் மஸ்கட்டைப் பற்றிப் பேசினார்கள். எண்பதுகளில் ஒரே கம்பெனியில் வேலை. ரூவியில் ஒரே அறை. வெள்ளிக்கிழமை லீவு. செலவில்லாத பொழுதுபோக்கு நடைதான். ரூவியிலிருந்து மத்ரா வரை நடந்து, கடலோரமாக உட்கார்ந்து, கப்பல்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப நடப்பார்களாம். அப்போது இருவருக்குமே அது அந்நிய ஊர். அங்கே வைத்துத்தான் மாமா சேரன்மகாதேவியைப் பற்றி, ஆற்றைப் பற்றி, பத்தமடைப் பாயைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறார். கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பிறகு இலங்கையில் போர். இங்கே பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம். சொன்னதைச் செய்ய இத்தனை காலம் ஆகிவிட்டது.

அம்மைநாதர் கோயிலில் கூட்டமில்லை. உரோமச முனிவரின் வழிபாட்டுக்காக ஆற்றில் விட்ட ஒன்பது தாமரைப் பூக்களில் இரண்டாவது ஒதுங்கிய இடம் என்பது தலபுராணம். சிநேகிதர் மனத்தில் தங்கியது இன்னொரு கதை. நெல் குத்திப் பிழைத்த அக்கா தங்கை இருவர் கூலியில் மிச்சம் பிடித்து இந்தக் கோயிலைக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். தினமும் ஒரு விருந்தாளிக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் தாங்கள் உண்பார்களாம். ஒருநாள் சிவனே இலைக்கு வந்து உட்கார்ந்தாராம். தூணில் உலக்கை பிடித்த பெண்ணின் சிற்பம் இருக்கிறது. ராஜா கட்டியது, மந்திரி கட்டியது என்று கேட்டுப் பழகிய காதுக்கு, உலக்கை பிடித்த கை கட்டியது என்பது எவ்வளவு நிறைவாக இருக்கிறது. சிநேகிதர் அந்தத் தூணைச் சுற்றிவந்து கைகூப்பினார். சந்நிதியில் கும்பிட்டதைவிட அதிக நேரம்.

பக்தவத்சலப் பெருமாள் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சோழர் காலக் கற்றளி. சோழர் கல்வெட்டுகளில் இந்த ஊர் முள்ளிநாட்டுப் பிரமதேயம், நிகரிலிச்சோழச் சதுர்வேதிமங்கலம். மாமா அதை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினார். "எங்கட பக்கமும் வந்து பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் எண்டு பேர் வச்சவை" என்றார் சிநேகிதர். சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கல் சுடுகுது, ஆத்தங்கரைக்குப் போவம்" என்றார்.

படித்துறையில் மருத நிழல். தண்ணீர் மணலைக் காட்டிக்கொண்டு ஓடியது. கீழ்ப்படியில் ஒருவர் தோய்த்த வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் பையைப் பிரித்தேன். அடுக்குச் சட்டியில் சோறு. தூக்கில் சொதி. இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல், தோட்டத்து வாழை இலை நறுக்கு மூன்று.

சொதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். திருநெல்வேலியில் கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து அது. தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காய், பீன்ஸ், பட்டாணி எல்லாம் வேக வேண்டும். வெந்த பாசிப்பருப்பு சேர வேண்டும். முதல் பாலை ஊற்றிய பிறகு கொதிக்க விடக்கூடாது. இறக்கிவைத்துத்தான் எலுமிச்சை பிழிய வேண்டும். தேங்காய்ப்பால் கனத்தை இஞ்சித் துவையல் அறுக்கும். யாழ்ப்பாணத்துச் சொதி இதற்கு ஒன்றுவிட்ட உறவு. நீர்க்க இருக்கும், இடியப்பத்தோடு தினசரி உண்பது. அங்கே அன்றாடம், இங்கே விருந்து. அத்தை விடியற்காலை எழுந்து பால் பிழிந்தது சிநேகிதருக்காகத்தான்.

மூன்று இலைகளையும் படியில் விரித்தேன். மாமா இரண்டைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "நமக்கு எதுக்கு வே இலை?" என்று அடுக்கின் பெரிய சட்டியிலேயே சொதியை ஊற்றினார். இரண்டு கைகள் அதில் இறங்கின. ஒருவர் பிசைந்து தள்ளியதை மற்றவர் எடுத்தார். ரூவியில் பழகிய பழக்கம் போலிருக்கிறது. இருவரும் அதைக் கவனித்த மாதிரியே இல்லை. நான் என் இலையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டு அவர்களைப் பார்த்தேன்.

அந்தப் படித்துறையில், அந்தச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துதான் மாமா குருகுலத்தின் கதையைச் சொன்னார்.

வ.வே.சு. ஐயர் 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பிறகு இங்கே சேரன்மகாதேவிக்குக் கொண்டுவந்த தமிழ்க் குருகுலம் அது. லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர், மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரிக்கு வந்தவர், குறளை ஆங்கிலத்தில் தந்தவர். பிள்ளைகளுக்குத் தமிழும் கைத்தொழிலும் தேசபக்தியும் ஊட்டப் பள்ளி வைத்தார். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி முதலில் ஐயாயிரம் கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். ஆனால் பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். ஊர் ஊராகக் கூட்டம். விவகாரம் காந்தியிடம் போனது. இருக்கிற இரண்டு பேரை விட்டுவிடலாம், இனிச் சேருகிறவர்கள் எல்லோரோடும் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று அவர் சமரசம் சொன்னார். அந்தச் சமரசம் யார் வயிற்றையும் நிறைக்கவில்லை. 1925-இல் தமிழ்நாடு காங்கிரஸ் பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று தீர்மானம் போட்டது. ராஜாஜி உள்ளிட்டோர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அந்த நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட, பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார். பிந்தைய தமிழ்நாட்டு அரசியலின் ஒரு பெரிய வேர் இந்த ஊரின் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிறது. சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குக் கோயிலைக் காட்டுகிறோம், ஆற்றைக் காட்டுகிறோம். இதையும் காட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் சேரன்மகாதேவியைக் காட்டியதாக ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

"ஐயர் கெட்டவர் இல்ல வே" என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது. 1925 ஜூன் தொடக்கத்தில், குருகுலப் பிள்ளைகளோடு பாபநாசம் போயிருந்தபோது, கல்யாணதீர்த்தத்தில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்து அவரும் போய்விட்டார். நாற்பத்து நான்கு வயது. இதோ இந்தத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

சிநேகிதர் வெகுநேரம் பேசவில்லை. கை சட்டியிலேயே இருந்தது. பிறகு கேட்டார்: "அந்த ரெண்டு பொடியளும் பிறகு என்ன செய்தவங்கள்?"

மாமா விழித்தார்.

"இல்ல, காந்தி என்ன சொன்னவர், பெரியார் என்ன சொன்னவர் எண்டு சொன்னனி. அந்தப் பொடியள்? தனிய இருந்து சாப்பிட்டவங்கள். அவங்களுக்கும் கஷ்டம்தானே. மற்றப் பொடியள் சேர்ந்திருந்து சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட, இவங்கள் ரெண்டு பேரும் ஒரு மூலையில. அதைப் பாத்துக்கொண்டிருந்த பொடியள் என்ன நினைச்சாங்கள்?"

பிறகு அவரே தொடர்ந்தார். சத்தமில்லாமல், ஆற்றைப் பார்த்தபடி. "எங்கட ஐயா நிலத்தில இருந்து படிச்சவர் மச்சான். மற்றப் பிள்ளையளுக்கு வாங்கு. எங்கட ஆக்களுக்கு நிலம்."

மாமாவின் கை நின்றது.

வாங்கு என்பது பெஞ்சு. 1929-இல் இலங்கையில் அரசின் உதவிப்பணம் வாங்கும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்று உத்தரவு வந்தது. யாழ்ப்பாணத்தில் அதை எதிர்த்துப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். சில பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. சேர்ந்து உண்பதைப் பற்றி இங்கே சண்டை நடந்துகொண்டிருந்த 1924-இன் டிசம்பரில்தான் அங்கே கீரிமலையில் மாணவர் காங்கிரஸ் கூடித் தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவர்கள்தான். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், சில ஆண்டு இடைவெளியில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எங்கே உட்காருவது என்பதே வழக்காக இருந்திருக்கிறது. பெரியவர்கள் போட்ட வழக்கு. பிள்ளைகள் மேல் போட்டது.

"ஐயா அஞ்சாம் வகுப்பு மட்டும்தான் படிச்சவர். பிறகு வாங்கு குடுத்தவைதான். ஆனா நிலத்தில இருந்து எழுதிப் பழகின கை. கடைசி மட்டும் மேசையில வச்சு எழுத மாட்டார். நான் மஸ்கட்டில இருக்கேக்க எனக்கு எழுதின கடிதம் எல்லாம் நிலத்தில குந்தியிருந்து எழுதினதுதான். நீ கூட வாசிச்சிருக்கிறாய்."

"ஆமா" என்றார் மாமா. "எழுத்து முத்து முத்தா இருக்கும்."

"ஓம்."

"இதை நீரு சொன்னதே இல்லையே வே."

சிநேகிதர் பதில் சொல்லவில்லை. சட்டியின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த சோற்றை வழித்து மாமாவின் பக்கம் தள்ளிவைத்தார். மாமா அதை எடுத்துத் தின்றார். துவையல் உறைப்போ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தூக்கை ஆற்றில் அலசப் போய்விட்டேன். அந்த நேரம் அங்கே மூன்றாமவன் தேவையில்லை என்று தோன்றியது.

வெயில் தாழ்ந்ததும் பத்தமடைக்கு நடந்தார்கள். நாலைந்து கிலோமீட்டர். பேச்சு குறைவு. சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் என்பதை மாமா இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்தார். புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாய் நெய்கிற ஒரு வீட்டுக்குப் போனோம். தாழ்ந்த தறிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேலையை விடாமல் பேசினார். ஆற்றோரத்துக் கோரையைக் கிழித்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உப்பியதை மறுபடி காயவைத்து, நூல் மாதிரி சீவி எடுக்க வேண்டும். அதில் நெய்வதுதான் பட்டுப்பாய். துணியைப் போல மடித்துப் பெட்டியில் வைக்கலாம். விலை ஏன் கூடுதல் என்று கேட்பவர்கள் அந்தப் பெண்ணின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பாய் வளர்வது கண்ணுக்குத் தெரியாது.

சிநேகிதரின் பேத்திக்கு ஆவணியில் கல்யாணம். மாமா பாய் சொல்லி வைத்தார். "பொண்ணு மாப்பிள பேரு போட்டுத் தரணுமா?" என்றார் அந்தப் பெண். சிநேகிதர் இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்துதான் எழுதினார். மாமா அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு வரும் வழியில் மாமா திடீரென்று சொன்னார்: "எங்க ஆச்சி இருந்த காலத்துல உம்மைக் கூட்டியாந்திருந்தா, நடையைத் தாண்டி விட்டிருக்க மாட்டா வே."

"தெரியும் மச்சான்."

"எப்படித் தெரியும்?"

"ரூவியில முதல் நாள் இரவு சாப்பிட இருக்கேக்க, என்ர ஊரைக் கேட்டனி, தெருவைக் கேட்டனி, தேப்பன்ர தொழிலைக் கேட்டனி. பிறகு உன்ர தட்டைக் கொஞ்சம் அங்கால தள்ளி வச்சனி."

மாமா நின்றுவிட்டார். "நானா?"

"நீதான். ஒரு கிழமை தள்ளித்தான் வச்சனி. பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. நீதான் கஞ்சி வச்சு, கரண்டியால பருக்கி விட்டனி. மிச்சத்தை நீயே குடிச்சனி. அதுக்குப் பிறகு தட்டே ரெண்டு இல்ல."

"எனக்குக் காய்ச்சல்தான் ஞாபகம் இருக்கு."

"அதுதான் நல்லது. ரெண்டையும் நான் வச்சிருக்கிறன்."

திருநெல்வேலி பஸ் வந்தது. உட்கார ஒரே ஓர் இடம் இருந்தது. மாமா அவரை உட்காரச் சொன்னார். அவர் மாமாவை உட்காரச் சொன்னார். இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி மேலச்செவல் வரை நின்றுகொண்டே வந்தார்கள். அங்கே குழந்தையோடு ஏறிய ஒரு பெண் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். நாளைக்குப் பாபநாசம் போக முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று மாமா கண்டக்டரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.